உயிருள்ள பொருள்களுக்கு ஒரு பொறியியல்

பள்ளிப்பட்டு வட்டாரத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிய பிள்ளைகளின் பெற்றோரிடம், "அடுத்து என்ன படிக்க வைக்கப் போகிறீர்கள்?" என்று வினவினால், "இன்ஜினியரிங்" என்னும் விடை தயக்கமின்றி வருகிறது. எந்த இன்ஜினியரிங் என்று மேலும் கேட்டால், பெரும்பாலோர் கம்ப்யூட்டர் என்கின்றனர்; சிலர் கட்டடம் என்றும் மின்சாரம் என்றும் கூறுவர். வேளாண்மைக்கென்றே ஒரு பொறியியல் பட்டப் படிப்பு உண்டு என்பதையும், அது 1972ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்திலேயே கற்பிக்கப்பட்டு வருகிறது என்பதையும் அறிந்தவர் மிகச் சிலரே. பொதட்டூர்பேட்டையை அடுத்த ஒரு சிற்றூரில் இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, முதியவர் ஒருவர், "ஏர் பிடிக்கிறதுக்குப் பட்டம் எதுக்குங்க ஐயா?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதே. ஒரு பிள்ளையை நான்கு ஆண்டுகள் கல்லூரியில் வைத்துக் காப்பது, ஓர் ஏக்கர் நிலமோ இரண்டு தறியோ உள்ள குடும்பத்துக்கு எளிய காரியமன்று. பொருந்தாத படிப்பில் சேர்த்துவிட்டால் பணம் மட்டுமா போகிறது? பிள்ளையின் இளமையும் அதனோடு போகிறது. ஆகவே இப்படிப்பு யாது, அதனால் கிராமத்துக்கு விளையும் பயன் என்ன, அதில் யார் சேரலாம், யார் சேரலாகாது என்பவற்றை இங்கே விளக்க முற்படுகிறேன்.

இரும்பும் நெல்லும்

மற்றப் பொறியியல் துறைகள் பெரும்பாலும் உயிரற்ற பொருள்களோடு தொடர்புடையவை. இரும்புச் சட்டத்தைக் கிடங்கில் அடுக்கி வைத்தால் அது அங்கேயே கிடக்கும்; துருப் பிடிக்குமே ஒழிய மூச்சு விடாது. நெல் மூட்டை அப்படியன்று. அறுவடையான பிறகும் நெல்மணிக்கு உயிர் உண்டு. அது காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு, கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளியிடுகிறது. ஈரம் மிகுந்திருந்தால் இம்மூச்சு வேகமாக நடைபெறும். அவ்வெப்பம் வெளியேற வழியில்லாமல் குவியலின் நடுவில் தங்கும்போது நெல் சூடேறி, பழுப்பேறி, பூஞ்சை பிடிக்கிறது. ஈர நெல்லைக் குவித்துத் தார்ப்பாயால் மூடி, இரண்டு நாள் கழித்துக் கையை உள்ளே விட்டுப் பார்த்த ஒவ்வொரு விவசாயியும் இச்சூட்டை அறிவார். அதைக் கணக்கிட்டு, அதற்கேற்பக் களமும் கிடங்கும் உலர்த்தும் இயந்திரமும் அமைப்பவரே வேளாண்மைப் பொறியியலாளர்.

மண், நீர், பயிர், கால்நடை, பால், தானியம், சாணத்தில் வாழும் நுண்ணுயிர் ஆகிய உயிருள்ள பொருள்களையும், உயிரைத் தாங்கி நிற்கும் பொருள்களையும் கணிதத்தைக் கொண்டும் இயற்பியலைக் கொண்டும் ஆளுவதே இக்கல்வி. மேனாடுகளில் இதனை இப்போது உயிரமைப்புப் பொறியியல் என்று வழங்குகின்றனர். நம் நாட்டில் வேளாண்மைப் பொறியியல் என்னும் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. பெயர் எதுவாயினும் பொருள் ஏறத்தாழ ஒன்றே.

பொதட்டூர்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்குவது எனக்கு எளிது. விசைத்தறி ஓட்டும் எவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு: காற்று வறண்டிருக்கும் நாளில் பாவு நூல் அடிக்கடி அறும், ஈரக் காற்று வீசும் நாளில் நூல் நன்றாக ஓடும். பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கவும் விடவும் வல்லது என்பதே இதற்குக் காரணம். நெல்லும் அவ்வாறே செய்கிறது. எவ்வளவு நன்றாகக் காய வைத்தாலும், ஐப்பசி, கார்த்திகை மாதக் காற்றில் திறந்து வைத்த நெல் மீண்டும் ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு தானியமும் எந்த அளவு காற்று ஈரத்தில் எந்த அளவு நீரோடு நிலைபெறும் என்பதைக் கல்லூரியில் அட்டவணையாகவே கற்பிக்கிறார்கள். தறிக்கூடத்தில் கண்டறிந்த உண்மையும் களத்து மேட்டில் கண்டறிந்த உண்மையும் ஒரே பாடத்தில் சேர்ந்துவிடுகின்றன.

நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 17 சதவிகித ஈரமே பொதுவான உச்ச வரம்பு. மழைக் காலத்தில் இவ்வரம்பைத் தளர்த்தும்படி கோரிக்கை எழுவதைச் செய்தித்தாள்களில் காண்கிறோம். நீண்ட நாள் சேமிக்க வேண்டுமாயின் 14 சதவிகிதத்துக்குக் கொணர்வது நலம். ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 22 சதவிகித ஈரமுள்ள நெல் 1,000 கிலோ இருக்கிறது. அதில் நீர் 220 கிலோ, உலர்பொருள் 780 கிலோ. இதனை 14 சதவிகிதத்துக்கு உலர்த்தினால் மொத்த எடை ஏறத்தாழ 907 கிலோவாகும். அதாவது 93 கிலோ நீரை ஆவியாக்கி வெளியேற்ற வேண்டும். வெயில் இருந்தால் சூரியன் இதை இலவசமாகச் செய்கிறான். மேகம் மூடினால் எவ்வளவு காற்று, எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம் என்று யாராவது கணக்கிட்டாக வேண்டும்.

அவசரப்பட்டுச் சூட்டை மிகுத்தால் வேறொரு கேடு வரும். மணியின் மேற்புறம் விரைந்து காய்ந்து, உட்புறம் ஈரமாகவே நிற்கும்போது அரிசியில் நுண்ணிய வெடிப்பு உண்டாகிறது. ஆலையில் அரைத்தால் நொய்யாகிறது. உச்சி வெயிலில் மெல்லியதாகப் பரப்பிக் கிளறாமல் விட்ட நெல்லுக்கும், பகலில் காய்ந்து இரவில் பனியில் நனைந்த நெல்லுக்கும் இக்கதியே நேருகிறது. ஆதலால்தான் உலர்த்தும் இயந்திரங்களில் சிறிது காய வைத்து, சிறிது ஆற விட்டு, மீண்டும் காய வைக்கிறார்கள். இடையில் ஆற விடும் நேரத்தில் உட்புற ஈரம் மேற்புறத்துக்குப் பரவுகிறது. பாட்டிமார் நெல்லைக் காய வைத்து நிழலில் குவித்து மறுநாள் மீண்டும் பரப்பியதும் இக்கணக்கே. அவர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

வேர்க்கடலையில் ஈரம் இன்னும் கொடியது. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாத நோயால் மாண்டன. ஆராய்ந்ததில், அவை உண்ட தீனியில் கலந்திருந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் ஒரு வகைப் பூஞ்சை நஞ்சு இருந்தது தெரியவந்தது. அந்நஞ்சே பின்னர் அஃப்ளடாக்ஸின் எனப் பெயர் பெற்றது. மனிதரின் ஈரலையும் அது தாக்க வல்லது. கடலையை ஏறத்தாழ 8 சதவிகித ஈரம் வரை காய வைத்து, நனையாமல் காத்தால் பூஞ்சை வளர இடமில்லை. நம் வட்டாரத்துக் கடலை விவசாயி, "நிறை குறையுமே" என்று அரைகுறையாகக் காய்ந்த காயைச் சாக்கில் கட்டுவது வியாபாரத்துக்கும் நட்டம், உண்பவருக்கும் ஆபத்து.

ஏரியும் பாலமும்

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு நெல்லைவிட நெருக்கமான செய்தி நீர். கொசஸ்தலை ஆறு நம் வட்டாரத்தின் வழியே ஓடிப் பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. பெருமழை பெய்து, மேலே ஆந்திரப் பகுதியிலுள்ள கிருஷ்ணாபுரம் அணையிலிருந்தும் நீர் வந்து சேரும் நாட்களில், ஆற்றைக் கடக்கும் தரைப்பாலங்கள் மூழ்கி, ஊருக்கும் ஊருக்கும் போக்குவரத்து அறுந்துவிடுவது நாம் கண்டது. சிற்றோடைகளிலும் இதே நிலைதான். "போன வருஷம் போட்ட குழாய்ப் பாலம், இந்த வருஷம் காணோம்" என்னும் புகார் வராத மழைக் காலம் இல்லை. குழாய் எத்தனை அடி விட்டம் என்பதை வழக்கத்தை ஒட்டி முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும். மழையை ஒட்டி முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு ஒரு கணக்கு உண்டு. அங்கத்தினர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் மதிப்பீடு தயாரிக்கும்போது ஓவர்சியரிடம் கேள்வி கேட்கலாம். ஓர் ஏக்கர் நிலத்தின்மீது ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குல மழை பெய்து, அது முழுதும் வழிந்தோடுமானால், விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கன அடி நீர் வரும். ஓர் ஓடைக்கு நீர் வந்து சேரும் பரப்பு 100 ஏக்கர் எனக் கொள்வோம். மணிக்கு 6 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 2.4 அங்குல மழை பெய்கிறது. புல்லும் புதரும் நிறைந்த நிலமானால் பெய்ததில் பத்தில் மூன்று பங்கு ஓடையை அடையலாம். மீதி மண்ணில் இறங்கும். 100 ஏக்கரை 2.4ஆல் பெருக்கி, 0.3ஆல் பெருக்கினால் விநாடிக்கு 72 கன அடி. பாலத்தின் வாய் இவ்வளவு நீரை விடுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அதே 100 ஏக்கரில் வீட்டு மனைகளும் சிமெண்டுத் தரையும் தகரக் கூரையும் வந்துவிட்டால் பத்தில் ஆறு பங்கு நீர் வழிந்தோடும். ஓடையில் வரும் வெள்ளம் இரு மடங்காகும். மழை கூடவில்லை, ஓடை மாறவில்லை. நிலம் மட்டுமே மாறியது. நம் மாவட்டத்தின் கிழக்கே கும்மிடிப்பூண்டிப் பக்கம் வயலாக இருந்த நிலங்கள் தொழிற்பேட்டையாக மாறியிருக்கின்றன. தொழிற்சாலை வேண்டாம் என்று கூறுவது என் கருத்தன்று. அங்கே நம் பிள்ளைகள் பலர் வேலை செய்கின்றனர். ஆனால் மேலேயுள்ள நிலத்தின் தன்மை மாறும்போது, கீழேயுள்ள ஏரியின் கலிங்கலும் வரத்துக் கால்வாயும் பழைய அளவிலேயே இருந்தால் போதுமா என்பதைக் கணக்கிட ஒருவர் வேண்டும். ஏரிக்கரை உடைந்த பிறகு மணல் மூட்டை அடுக்கும் செலவைவிட அக்கணக்கின் செலவு மிகக் குறைவு. மழைநீர் எவ்வாறு வழிகிறது, எவ்வளவு மண்ணை அரித்துச் செல்கிறது, எங்கே தடுப்பணை கட்டினால் கிணற்றில் நீர் ஊறும் என்பவை வேளாண்மைப் பொறியியல் படிப்பில் தனித்தனிப் பாடங்கள்.

கிணற்று மோட்டாரைப் பற்றியும் ஒரு சொல். விநாடிக்கு 10 லிட்டர் நீரை 30 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே கொணர உண்மையில் தேவைப்படுவது ஏறத்தாழ 4 குதிரைத்திறனே. பம்பும் மோட்டாரும் சேர்ந்து பாதிச் சக்தியை வீணாக்குமானால் 8 குதிரைத்திறன் வேண்டும். இது போதாதென்று, விலை குறைவு என்று சிறிய குழாயை வாங்கிப் பொருத்துகிறோம். அதே அளவு நீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் செலுத்தினால் உராய்வினால் ஏற்படும் இழப்பு இரு மடங்காகும் என்றே பலரும் எண்ணுவர். ஏறத்தாழ 32 மடங்காகும் என்பதே உண்மை. பெரிய மோட்டார் வாங்குவதைவிடப் பெரிய குழாய் வாங்குவது மேல் என்னும் முடிவு இதிலிருந்து கிடைக்கிறது. ஏற்றமும் கவலையும் இறைத்த காலத்தில் மனிதனும் மாடும் களைத்தவுடன் வீண் உழைப்புத் தெரிந்துவிடும். மின்சாரம் களைப்பதில்லை, ஆகவே வீணும் தெரிவதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். வெட்டிய கரும்பு ஆலையை அடையத் தாமதித்தால், அதிலுள்ள சர்க்கரை நாளுக்கு நாள் குறைகிறது. திருவாலங்காட்டிலுள்ள திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் விவசாயிகள் இதன் பொருளை அறிவர். வெட்டும் இயந்திரம், ஏற்றும் முறை, வண்டி வரிசை ஆகிய மூன்றையும் ஒரே கணக்கில் பார்ப்பது பொறியியலாளரின் வேலை. ஈர வயலில் அறுக்க "பெல்ட் வண்டி"யைத் தேடுகிறோம். வண்டியின் எடை அகன்ற பட்டையில் பரவுவதால் மண் அதிகமாக இறுகுவதில்லை என்பது அதன் காரணம். சாண எரிவாயுக் கலத்தினுள் வேலை செய்வது இயந்திரமன்று, நுண்ணுயிர். மார்கழிக் குளிரில் வாயு குறைவதற்கு அடுப்பைக் குறை கூறிப் பயனில்லை.

இப்படிப்பு வந்த வழி

அமெரிக்காவில் அயோவா மாநிலக் கல்லூரியில் டேவிட்சன் என்னும் பேராசிரியர் இத்துறைக்கு அடித்தளமிட்டார். 1907இல் வேளாண்மைப் பொறியியலாளர் சங்கம் அந்நாட்டில் தோன்றியபோது அவரே அதன் முதல் தலைவர். 1910இல் அயோவாவில் இத்துறையின் முதல் பட்டதாரி வெளிவந்தார். அச்சங்கம் 2005ஆம் ஆண்டில் தன் பெயரோடு உயிரியல் பொறியியல் என்பதையும் சேர்த்துக்கொண்டது. கலப்பை, டிராக்டர் என்று தொடங்கிய துறை, உணவு, நுண்ணுயிர், சுற்றுப்புறம் என்று விரிந்ததற்கு இப்பெயர் மாற்றமே சான்று.

இந்தியாவில் இப்பட்டப் படிப்பு முதலில் தொடங்கிய இடம் அலகாபாத் வேளாண்மைக் கழகம், ஆண்டு 1942. இதற்குக் காரணமாயிருந்தவர் மேசன் வாக் என்னும் அமெரிக்கர். அவர் 1921இல் இந்நாட்டுக்கு வந்து, நம் மாடுகளின் வலிமைக்கும் நம் விவசாயியின் பணப்பைக்கும் ஏற்ற இரும்புக் கலப்பைகளை அமைத்தார். ஒன்றுக்கு "வா வா" என்றும் மற்றொன்றுக்கு "சபாஷ்" என்றும் பெயர். இந்தியில் "வா வா" என்றால் பாராட்டுச் சொல். தமிழ் விவசாயியின் காதில் அது கலப்பை மாட்டை அழைப்பது போலவே ஒலிக்கும். வெளிநாட்டுக் கலப்பையை அப்படியே இறக்குமதி செய்யாமல், மாட்டையும் மண்ணையும் முதலில் அளந்து பார்த்த அவர் முறையே இத்துறைக்கு உயிர்நாடி.

காரக்பூரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1952இல் இத்துறை தொடங்கியது. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பல்கலைக் கழகம் 1971இல் கோயம்புத்தூரில் அமைந்தது. அதற்கு அடுத்த ஆண்டே வேளாண்மைப் பொறியியல் பட்டப் படிப்பும் தொடங்கியது. திருச்சிராப்பள்ளி மாவட்டம் குமுளூரிலும் அப்பல்கலைக் கழகத்துக்கு ஒரு வேளாண்மைப் பொறியியல் கல்லூரி உண்டு. அண்ணா பல்கலைக் கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரிகள் பலவற்றிலும் இப்போது இப்படிப்பு உள்ளது.

நான்கு ஆண்டுகளில் கற்பவை

படிப்பு நான்கு ஆண்டு, எட்டுப் பருவம். முதலாண்டில் கணிதமும் இயற்பியலும் பொறியியல் வரைபடமும் பட்டறைப் பயிற்சியும் இருக்கும். அவற்றோடு பயிர்ச் சாகுபடி, மண்ணியல், தோட்டக்கலை ஆகியவற்றின் அடிப்படையும் கற்பிக்கப்படும். ஒரே நாளில் காலையில் வெல்டிங் கருவியையும் மாலையில் மண்வெட்டியையும் பிடிக்கும் மாணவர் வேறு எந்தப் பொறியியலிலும் இலர் எனலாம். அடுத்துப் பொருள்களின் வலிமை, வெப்பவியல், நீரோட்டவியல், நில அளவை வருகின்றன. மூன்றாமாண்டில்தான் படிப்பின் முழு உருவம் தெரியும்: டிராக்டரும் பண்ணைக் கருவிகளும், பாசனமும் வடிகாலும், நிலத்தடி நீரும் பம்பும், மண் அரிப்புத் தடுப்பு, தானியம் பதப்படுத்தல், பால் பண்ணை, சூரிய சக்தி, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராய்தல் ஆகியவை. இறுதியாண்டில் தொழிற்சாலையிலும் கிராமத்திலும் பயிற்சி பெற்று, ஒரு சொந்த ஆய்வுத் திட்டமும் முடிக்க வேண்டும்.

இதில் சேரத் தகுதியானவர் யார்? பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் பயின்றிருத்தல் அடிப்படை. மனப்பான்மையும் வேண்டும். கணக்கில் வெறுப்புள்ள பிள்ளை, "பெயரில் வேளாண்மை இருக்கிறது, எளிதாயிருக்கும்" என்று கருதிச் சேர்ந்தால் இரண்டாமாண்டிலேயே தத்தளிப்பான். இது வேளாண்மை அறிவியல் படிப்பிலிருந்து வேறானது. பாதிக்கு மேல் பொறியியலே. வெயிலில் நிற்க மனமில்லாத பிள்ளைக்கும் இது ஆகாது.

எவருக்கு ஆகும் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளை நம்மவர் வேளாண்மைக்குத் தொடர்பில்லாதவர் என ஒதுக்கிவிடுகின்றனர். பாவு அறுந்ததும் தறியை நிறுத்தி, நாடா ஏன் தாமதித்தது என்று காதால் கேட்டே கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு இயந்திர அறிவு பிறவியிலேயே வந்துவிட்டது. விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு மண்ணும் மாடும் தெரியும், இயந்திரம் புதிது. இருவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால் ஒருவருக்கொருவர் ஆசிரியராவர்.

பெண் பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று தயங்குவோரும் உளர். நாற்று நடுவது, களை பறிப்பது, கடலை உரிப்பது, நெல்லைக் காய வைப்பது ஆகிய வேலைகளில் பெரும்பங்கைப் பெண்களே செய்கின்றனர். அவ்வேலைகளுக்கான கருவிகளோ ஆண்களின் கைக்கும் உயரத்துக்கும் ஏற்பவே பெரும்பாலும் செய்யப்பட்டு வந்தன. களை எடுக்கும் கருவியின் பிடி எவ்வளவு உயரத்தில் இருந்தால் இடுப்பு நோகாது என்பதை, நோவை அறிந்தவளின் மகள் கணக்கிடுவதில் தவறென்ன?

செலவும் வேலையும்

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் பயின்றவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை முதலிய தொழிற் படிப்புகளில் 7.5 சதவிகித இடங்களை ஒதுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2021இல் இயற்றப்பட்டது. இவ்வொதுக்கீட்டில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் பயின்று, தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றும், "நமக்கு எங்கே கிடைக்கும்" என்று விண்ணப்பமே போடாமல் இருந்துவிடும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். இடம் இல்லை என்று கல்லூரி கூறினால் அது வேறு. நாமே கூறிக்கொள்வது தகாது.

தனியார் கல்லூரியில் சேர்ப்பதாயின் பெற்றோர் நேரில் சென்று மூன்றைப் பார்த்து வர வேண்டும். மாணவர்கள் பயிற்சி பெறச் சொந்தப் பண்ணை நிலம் உள்ளதா? டிராக்டரும் கருவிகளும் ஓடும் நிலையில் உள்ளனவா, அல்லது துணி போர்த்திக் காட்சிக்கு நிற்கின்றனவா? கற்பிக்கும் ஆசிரியர் வேளாண்மைப் பொறியியலிலேயே பட்டம் பெற்றவரா? கட்டடத்தின் அழகு நான்காவதாகவும் வர வேண்டியதில்லை.

வேலையைப் பொறுத்தமட்டில் மிகைப்படுத்திக் கூற விரும்பவில்லை. வேளாண்மைப் பொறியியல் துறை தமிழ்நாட்டில் 1981 முதல் தனித் துறையாக இயங்கி வருகிறது. விவசாயிகளுக்கு டிராக்டர், மண் தள்ளும் இயந்திரம் முதலியவற்றை வாடகைக்கு விடுவதும், பண்ணைக் குட்டை, தடுப்பணை அமைப்பதும் அதன் பணிகளுள் அடங்கும். இத்துறையின் உதவிப் பொறியாளர்கள் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். இடங்கள் அதிகமில்லை, போட்டி கடுமை. வங்கிகளில் வேளாண்மை அலுவலர் பணி, டிராக்டர், சொட்டுநீர்ப் பாசனம், உணவுப் பதப்படுத்தல் முதலிய தொழிற்சாலைகளில் பணி, மேற்படிப்பு, ஆராய்ச்சி ஆகியவையும் உண்டு. போபாலில் 1976இல் அமைந்த மத்திய வேளாண்மைப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கோயம்புத்தூரில் ஒரு கிளை இருக்கிறது. சென்னையில் 1960இல் தொடங்கிய டிராக்டர்ஸ் அண்ட் பார்ம் எக்யூப்மெண்ட் போன்ற பெரிய நிறுவனங்கள் நமக்கு அண்மையிலேயே உள்ளன. ஆயினும் பட்டம் பெற்ற அன்றே வேலை வீடு தேடி வரும் என்று யாரும் வாக்களிக்க இயலாது. கிராமத்திலேயே கருவி வாடகை நிலையம், கடலை அல்லது நெல் உலர்த்தும் களம், மோட்டார், சொட்டுநீர் அமைப்புகளைப் பழுது பார்க்கும் பட்டறை என்று சொந்தத் தொழில் தொடங்கத் துணிவுள்ளவருக்கு இப்படிப்பு அதிகம் உதவும் என்பது என் எண்ணம். முதலீடு இல்லாத பிள்ளையால் அது தனியே முடியாது. கூட்டுறவுச் சங்கமும் உழவர் உற்பத்தியாளர் குழுவும் அவனுக்கு இடமளிக்க வேண்டும்.

அப்பெரியவரின் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஏர் பிடிக்கத் தெரியாத பட்டதாரியால் யாருக்கும் பயனில்லை என்பதே அவர் மனத்திலிருந்த ஐயம். அதில் உண்மை இருக்கிறது. கல்லூரியிலிருந்து வரும் மாணவர் வயலில் இறங்கினால், "புத்தகத்தில் அப்படி இருக்கிறது" என்று தொடங்காமல், இந்த மண் எத்தனை நாளில் பதமாகும், இந்த ஓடையில் வெள்ளம் எந்தக் கல் வரை ஏறியது என்று விவசாயியைக் கேட்க வேண்டும். ஐம்பது ஆண்டு மழையை நேரில் கண்ட கண்களுக்கு ஈடான அளவுகோல் எந்த ஆய்வுக் கூடத்திலும் இல்லை. விவசாயியும் கேட்டதைச் சொல்ல வேண்டும். சோதித்துப் பார்க்கட்டும் என்று மறைத்தல் கூடாது.

படிப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பிள்ளைகளை ஒரு நாள் வெளியே அழைத்துச் சென்று காட்டுவது நலம். நம் மாவட்டத்திலேயே திரூரில் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. உலகெங்கும் பேசப்பட்ட ஐ.ஆர். 20 நெல்லின் பெற்றோர் ரகங்களுள் ஒன்றான டி.கே.எம். 6 அங்கே தோன்றியதே. பூண்டியில் அணைகளையும் கால்வாய்களையும் சிறு உருவில் கட்டி நீர் விட்டுச் சோதிக்கும் நீரியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. முன் அனுமதி பெற்று இவ்விரண்டையும் ஒரே நாளில் பார்த்து வரலாம். பள்ளித் தலைமையாசிரியரும் பஞ்சாயத்தும் சேர்ந்தால் ஒரு பஸ் ஏற்பாடு செய்வது பெரிய செலவன்று.

வேளாண்மைப் பல்கலைக் கழகத்துக்கும் அண்ணா பல்கலைக் கழகக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பங்கள் வெவ்வேறு. ஒன்றில் விண்ணப்பித்தால் மற்றதற்கும் ஆகிவிடும் என்று எண்ணலாகாது. விண்ணப்பிக்கும் கால அளவு குறுகியது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதற்கான சான்றிதழ், அரசுப் பள்ளியில் பயின்றதற்கான சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவு வரும் வரை காத்திராமல், சித்திரை மாதத்திலேயே பெற்று வைத்துக்கொள்க.